வீடு பூட்டப்பட்டிருந்தது

பி.எட். இரண்டாம் ஆண்டு தொடங்கிய மாதத்தில் எங்கள் தமிழ்ப்பாட விரிவுரையாளர் இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தார். போகும்போது நல்ல மேடமாகத்தான் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு படிவம் இருந்தது.

"இனிமே உங்க கட்டுரைகளை நான் திருத்த மாட்டேன். ஒருத்தரோடதை ஒருத்தர் நீங்களே திருத்தப் போறீங்க. உலகம் முழுக்க இப்ப இப்படித்தான்" என்றார்.

உலகம் முழுக்க எப்படியோ, எங்கள் வகுப்பின் ஐம்பது கட்டுரைகளை வீட்டுக்குச் சுமந்துபோகும் வேலை அவருக்கு அன்றோடு ஒழிந்தது. அந்த மகிழ்ச்சியைத் துளிகூட முகத்தில் காட்டாமல் அவர் அறிவித்த விதத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஆளுக்கு ஒரு சொந்த அனுபவக் கட்டுரை எழுத வேண்டும். வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்த எண்காரர்கள் ஒரு ஜோடி. ஜோடிக்காரரின் கட்டுரையை வாங்கிப் படித்து, படிவத்தை நிரப்பித் திருப்பித் தர வேண்டும். இப்படித் திருத்தித் திருத்தி எழுதி, மூன்றாவது பிரதியை மதிப்பெண்ணுக்கு வைக்க வேண்டும். படிவத்தின் மேலே இரண்டு நட்சத்திரங்கள். கட்டுரையில் பிடித்த இரண்டு விஷயங்களை அவற்றுக்குள் எழுத வேண்டும். நடுவில் இலக்கணம், தெளிவு, காலவரிசை என்று கட்டங்கள். கீழே ஒரு மேகம். இன்னும் எது இருந்தால் நன்றாக இருக்கும் என்கிற ஆசையை அதற்குள் எழுத வேண்டும். நகலை நகலெடுத்து அதையும் நகலெடுத்ததில், எங்கள் கைக்கு வந்தபோது மேகம் வெறும் கறையாக இருந்தது. கறைக்குள் ஆசையை எழுதினோம்.

சிவப்பு மை எழுதியவர் மனதைப் புண்படுத்துமாம். அதனால் பச்சை மை. பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவிக்காக எங்கள் ஊரில் பலர் பரீட்சை எழுதி எழுதியே தலை நரைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப் பேனாக் கடையில் கிடைத்துவிட்டது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அகரம் பக்கம் வீடு. வீட்டில் விவசாயம், எனக்கு அதில் சாப்பிட மட்டும் தெரியும். எம்.ஏ. தமிழ் முடித்திருந்தேன். ஒரு வார இதழில், மூட்டுவலித் தைலத்தின் விளம்பரத்துக்கு மேலே, என்னுடைய எட்டு வரிக் கவிதை வந்திருந்தது. அந்தப் பக்கத்தைத் தைலத்தோடு சேர்த்து லேமினேட் செய்து வைத்திருந்தேன். வகுப்பில் எல்லோரும் என்னைக் கவிஞரே என்று கூப்பிடுவார்கள். அதிலிருந்த கிண்டல் எனக்குப் புரிய ஒன்றரை வருடம் பிடித்தது.

எனக்கு வாய்த்த ஜோடி ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. தனியார் பள்ளி ஒன்றில் சில வருடம் பாடம் நடத்தியவர். பி.எட். இல்லாவிட்டால் வேலை இல்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டதால் வந்து சேர்ந்திருந்தார். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். கவிஞரே என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. இலக்கியத்தில் ஈடுபாடு போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

என் கட்டுரை ஏழு பக்கம். குடகனாற்றில் வெள்ளம் புரண்டு ஓடிய ஒரு நாளில், அடித்துச் செல்லப்பட்ட கன்றுக்குட்டியைப் பதினைந்து வயதில் நான் நீந்திப் போய் மீட்ட கதை. கரையில் அம்மா கதறுகிறார். நான் கன்றைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறேன். மேற்கே சூரியன் என்னைப் பார்த்துக்கொண்டே மறைகிறது. அதற்கு அன்று வேறு வேலை இல்லை.

அக்காவின் கட்டுரை ஒன்றேகால் பக்கம். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கடைசி நாள். அம்மா காலை ஆறு மணிக்கே மல்லிகைப் பூ எடுக்கப் போய்விட்டார். "எட்டரை மணிக்கு வீடு பூட்டப்பட்டிருந்தது. நான் உள்ளே இருந்தேன். பஸ் போய்விட்டது. கத்தினேன். ஒன்பதரைக்குச் சித்தி வந்தார். பூட்டைக் கல்லால் அடித்துப் பார்த்தார். உடையவில்லை. கூரை மேல் ஏறி ஓட்டைப் பிரித்தார். நான் அரிசி டிரம்மின் மேல் ஏறி வெளியே வந்தேன். கையில் லேசாகக் காயம். பால் வண்டியில் ஏறிப் போனேன். பத்து இருபத்தைந்துக்குத் தேர்வு அறைக்குள் விட்டார்கள். பாஸ் ஆனேன்." ஏறக்குறைய இவ்வளவுதான்.

படித்ததும் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. இப்படி ஒரு சம்பவம் கையில் கிடைத்தும் இப்படி வீணடிக்கிறாரே என்கிற இரக்கம். உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். 'கத்தினேன்' என்பதை 'என் ஓலம் சுவர்களில் மோதி என்னிடமே திரும்பியது' என்று மாற்றினேன். 'லேசாகக் காயம்' என்பது 'குருதி தோய்ந்த கரங்கள்' ஆனது. பால் வண்டியின் பெயரை எழுதக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. 'விதி அனுப்பிய வாகனம்' என்றேன். நாற்பத்து மூன்று இடத்தில் பச்சை மை. ஒன்றேகால் பக்கத்தில் அது எப்படிக் கொள்ளும் என்று கேட்பவர்களுக்கு: ஓரத்திலும் பின்பக்கத்திலும் எழுதினேன்.

எல்லாம் முடிந்தும் படிவத்தில் இலக்கணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அக்காவின் வாக்கியங்களில் பிழை இல்லை. எம்.ஏ. தமிழ் படித்தவன் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதா? தேடினேன். ஒரு செயப்பாட்டுவினை கிடைத்தது. 'வீடு பூட்டப்பட்டிருந்தது' என்பதற்குக் கீழே கோடு போட்டு, "எழுவாய் எங்கே?" என்று எழுதிவைத்தேன்.

மறுநாள் கேன்டீனில், ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து படிவங்களை மாற்றிக்கொண்டோம். அக்கா என் கட்டுரையில் பச்சை மை படவே விடவில்லை. பென்சிலால் மூன்று கேள்விகள் மட்டும் எழுதியிருந்தார்.

'குடகனாத்துல தண்ணி வந்தது எந்த வருஷம்?'

'கன்னுக்குட்டி யாருது?'

'ரெண்டாம் பக்கத்துல அம்மா ஊருக்குப் போயிருக்காங்க. அஞ்சாம் பக்கத்துல கரையில நிக்கிறாங்க. எப்ப வந்தாங்க?'

இரண்டு நட்சத்திரங்களில் ஒன்றில் 'கையெழுத்து அழகு' என்று எழுதியிருந்தார். இன்னொன்று காலி.

எனக்குக் காது சூடானது. "அக்கா, இது இலக்கியம். தண்ணி வந்துச்சா வரலையாங்கிறது முக்கியமில்ல" என்றேன்.

"சொந்த அனுபவம்னு மேடம் சொன்னாங்களே தம்பி. அதான் கேட்டேன்" என்றார்.

நடந்தது என்னவென்றால், மணல் அள்ளிய குழி ஒன்றில் இடுப்பளவு தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கன்றுக்குட்டி கரையில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. பாசி வழுக்கி உள்ளே விழுந்தது நான். கன்றுக்குட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து என் பக்கம் வீசி, மாட்டுக்காரப் பெண்மணி என்னை இழுத்துப் போட்டார். மீட்பும் கன்றும் தண்ணீரும் இருந்தது உண்மைதான். யார் யாரை மீட்டது என்பதில் மட்டும் சிறிய மாற்றம்.

இதை அன்று நான் அக்காவிடம் சொல்லவில்லை. "நீங்க என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. எழுவாய் எங்கே?" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். "எழுவாய் இருக்கே தம்பி. வீடு. 'வீடு பூட்டப்பட்டிருந்தது.' வீடுதான் எழுவாய்."

சரிதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். மூட்டுவலித் தைலத்துக்கு மேலே இடம் பிடித்தவனுக்குத் தெரியாமல் போயிற்று.

"அத விடுங்க. செஞ்சது யாருன்னு வேணும்ல. பூட்டுனது யாரு?" என்றேன். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கேட்டதுதான். வேறு ஒரு நோக்கமும் இல்லை.

அக்கா தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "எழுதிட்டு வாரேன்" என்று எழுந்து போனார்.

நான்கு நாள் கழித்து இரண்டாம் பிரதி வந்தது. என் ஓலமும் குருதியும் விதியின் வாகனமும் அதில் இல்லை. நாற்பத்து மூன்று திருத்தங்களில் ஒன்றைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் மாறியிருந்தது. 'எட்டரை மணிக்கு அம்மா மறதியாக வீட்டைப் பூட்டிவிட்டார்.'

எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. முதல் வரியில் அம்மா ஆறு மணிக்கே பூ எடுக்கப் போய்விட்டார். அப்படியானால் எட்டரைக்குப் பூட்டியது எப்படி? என் அம்மா கரையில் எப்போது வந்தார் என்று கேட்டவருக்குத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. காலவரிசைக் கட்டத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'ஆறு மணிக்குப் போனவர் எட்டரைக்கு எப்படிப் பூட்டினார்?' ஆச்சரியக்குறி போடலாமா என்று யோசித்து, பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன்.

அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் அக்காவின் டவுன் பஸ் வர நேரமாகும் போலிருந்தது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுதியதைப் படித்தார். நான் பக்கத்தில் நின்று, அவர் முகம் மாறுவதைப் பார்க்கக் காத்திருந்தேன்.

"அப்பாதான் பூட்டுனாரு" என்றார்.

"மறந்துபோயா?"

"நான் உள்ள உக்காந்து படிச்சிட்டு இருக்கேன். 'செத்த நேரம் இரு, வாரேன்'னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் பூட்டுனாரு. சொல்லிட்டு மறப்பாங்களா தம்பி?"

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்திருந்தார்களாம். மேலே படிக்க வைக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். "நான் பாஸ் பண்ணிட்டா காலேஜு காலேஜுன்னு நிப்பேன். ஒரு பேப்பர் போச்சுன்னா பேச்சு முடிஞ்சிரும்ல. அதான்" என்றார். காய்கறி விலை சொல்வது போலத்தான் சொன்னார். சாயங்காலம் அப்பா வந்து கூரையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவரே ஏறி ஓட்டை அடுக்கினார். தெருவில் கேட்டவர்களிடம், "இவ மறதியா பூட்டிட்டுப் போயிட்டா" என்று அம்மாவைக் கை காட்டினார். அம்மா மறுக்கவில்லை. கூரையைப் பிரித்துக்கொண்டு போகிற பெண் எங்களுக்கு வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அக்கா கல்லூரிக்குப் போனார்.

"பன்னெண்டு வருஷமா எங்க தெருவுல அம்மாதான் மறதிக்காரி. கடைக்குப் போனாக்கூட, 'வீட்டுல யாரையும் உள்ள வச்சுப் பூட்டலையே'ன்னு கேட்டுச் சிரிப்பாங்க. அதுவும் கூடச் சேந்து சிரிக்கும்."

"அப்பாகிட்ட நீங்க கேக்கலையா?"

"என்னன்னு கேக்க? இப்பயும் எம்பொண்ணுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கிட்டு வர்றது அவருதான்."

பஸ் வந்தது. போகும்போது, "எந்த வருஷம் தண்ணி வந்துச்சுன்னு நீங்க இன்னும் சொல்லல" என்றார். கயிற்றுக் கதையை அப்போது சொன்னேன். படியில் நின்றபடியே அக்கா சிரித்தார். "அத எழுதிருக்கலாமே தம்பி. நல்லாருக்கே" என்றார். என் இலக்கிய வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம் அது ஒன்றுதான். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

மூன்றாம் பிரதியில் அக்கா எழுதியிருந்தார்: 'எட்டரை மணிக்கு அப்பா என்னை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டினார். நான் தேர்வு எழுதக் கூடாது என்று பூட்டினார். அம்மா பூட்டவில்லை.' மற்றதெல்லாம் பழையபடி.

மேடம் அதை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகுதான் கண்ணாடி உண்மையிலேயே அழுக்காக இருந்தது என்று தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு டீச்சராப் போறவங்க நீங்க. பெத்தவங்க மேல மரியாதை குறையிற மாதிரி முடிக்கலாமா? முடிவு பாசிட்டிவா இருக்கட்டும். கவிஞரே, நீங்க கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்றார்.

முடியாது என்று நான் சொன்னதாக எழுத ஆசைதான். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் எல்லாம் கேட்டவன் வேறு எப்படி நடந்துகொள்வான்? ஆனால் அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். 'இன்று எண்ணிப் பார்க்கையில், அந்தப் பூட்டின் கனத்தில் ஒரு தந்தையின் சொல்லப்படாத பாசம் தொங்கிக்கொண்டிருந்ததை உணர்கிறேன்.' எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. இரண்டு தடவை உரக்கப் படித்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை அக்கா அதை நிதானமாகப் படித்தார். தாளை என் பக்கம் தள்ளினார்.

"நல்லாருக்கு தம்பி. உங்க கன்னுக்குட்டிக்கு வச்சுக்கங்க."

கட்டுரையை ஒப்படைக்க அடுத்த வாரக் கடைசி வரை நேரம் இருந்தது. சனி, ஞாயிறு அக்கா அம்மா வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை வந்ததும், "அப்பாகிட்டப் படிக்கக் குடுத்தேன்" என்றார்.

"ஏங்க்கா?"

"அவரப் பத்தி எழுதிட்டு அவருக்குத் தெரியாம குடுக்கச் சங்கடமா இருந்துச்சு. டீக்கடையில தெனம் பேப்பர் படிக்கிறவருதான். சாப்பிட்டு முடிச்சதும் குடுத்தேன். கண்ணாடிய மாட்டிட்டுப் படிச்சாரு. ரெண்டு தடவ படிச்சாரு. பேனா கேட்டாரு."

"கிழிக்கலையா?"

"இல்ல. ஒரு திருத்தம்." பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். 'எட்டரை' என்பது நீல மையில் அடிக்கப்பட்டு, மேலே கோணல் எழுத்தில் 'எட்டே கால்' என்று இருந்தது.

"'எட்டரைக்குத்தான பஸ்சு. அதுக்கு முந்தி பூட்டுனாத்தான உண்டு. எட்டே கால்'னு சொன்னாரு. தாளத் திருப்பிக் குடுத்தாரு. கை கழுவுற எடத்துல செத்த நேரம் நின்னாரு. அப்புறம் தோட்டத்துக்குப் போயிட்டாரு."

நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். படிவம் இல்லை, நட்சத்திரம் இல்லை, மேகம் இல்லை. அக்காவின் அப்பா எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை. ஒரே ஒரு இடத்தில் கை வைத்திருந்தார். அது சரியாக இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அந்த ஒரு திருத்தம்தான் அவர் அதைப் பற்றி மகளிடம் சொன்னது.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"மாத்திட்டேன். எட்டே கால்தான் சரி. எனக்கு மறந்துபோச்சு."

முடிவில் ஒரு வரிகூடச் சேர்க்காமல் அக்கா கட்டுரையை ஒப்படைத்தார். வகுப்பில் வாசிக்க வேண்டியிருந்ததால், எழுந்து நின்று, வருகைப் பதிவு எடுக்கும் குரலில் வாசித்தார். ஒன்றேகால் பக்கம் என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது. யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் மட்டும், "அந்தப் பேப்பர்ல எம்புட்டு மார்க்கு?" என்று கேட்டாள். அக்கா சொன்னார். நல்ல மார்க்குதான்.

அடுத்து நான் ஏழு பக்கம் வாசித்தேன். சூரியன் மறைந்ததும் கைதட்டல் எழுந்தது. மேடம் எனக்குப் பத்துக்கு ஒன்பது போட்டார். 'உணர்ச்சிமயம்' என்று குறிப்பு. அக்காவுக்கு ஆறு. 'முடிவில் படிப்பினை இல்லை.' கல்லூரி ஆண்டு மலரில் என் வெள்ளம் வந்தது. அதையும் லேமினேட் செய்தேன்.

படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்க வந்த நாளில் அக்காவோடு அவருடைய அம்மாவும் வந்திருந்தார். அலுவலக வாசலில் வரிசை நீளமாக இருந்தது. அக்கா வரிசையில் நிற்க, அம்மா நேராக என்னிடம் வந்தார். மெலிந்த உருவம், தலையில் நிறைய மல்லிகை.

"பூட்டுனது யாருன்னு கேட்ட தம்பி நீங்கதானா?"

ஆமாம் என்றேன். திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"நான் என் ஆயுசுல எதையும் மறந்து பூட்டுனதில்ல தம்பி" என்றார். "மார்க்குப் போட்ட தாளத் திருப்பிக் குடுத்துட்டாங்கள்ல, அத எம்மக படிச்சுக் காமிச்சுச்சு. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்த ஒரு வரி மட்டும் நானே படிச்சேன்."

அம்மா பூட்டவில்லை என்கிற வரி.

பிறகு சுருக்குப் பைக்குள்ளிருந்து எட்டாக மடித்த தாள்களை எடுத்தார். "இங்க ஜெராக்ஸ் கடை எங்க இருக்கு? எனக்கு ஒரு பத்துக் காப்பி வேணும். எங்க தெருவுல பத்து வீடு."

"அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அவருதான் நேரம் போட்டுக் குடுத்திருக்காரே" என்றார்.

கல்லூரி வாசலுக்கு எதிரேதான் கடை. வெயிலுக்கு அவரை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு நானே போய் வரிசையில் நின்றேன்.